இருபத்திரண்டு சுற்றும் பிரமாதம்

என் அக்காள் புருஷன் பெயர் ஸகார் துப்ரோவின். கர்னல். விண்வெளிக்குப் போய் வந்தவர். முப்பத்து மூன்று மணி நேரத்தில் பூமியை இருபத்திரண்டு முறை சுற்றினார். இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷமும் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். பால்பண்ணை, நீச்சல்குளம், டிராக்டர் நிலையம், ஒருமுறை பிரசவ ஆஸ்பத்திரி. எங்கள் நாட்டில் எதைத் திறந்தாலும் அதன் வாசலில் மச்சான் கத்தரிக்கோலோடு நிற்பார்.

நான் அப்போது மாஸ்கோவில் பத்திரிகைத் துறையில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். துறையின் சுவர்ப்பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தேன். ஒருநாள் துறைத்தலைவரின் உரையை ஒரு சொல்லும் மாற்றாமல் முழுமையாக வெளியிட்டேன். இடம் போதாததால் நகைச்சுவைப் பகுதியில் போட வேண்டியதாயிற்று. மறுநாள் சுவர் இருந்தது, பத்திரிகை இல்லை, ஆசிரியர் பதவியும் இல்லை. படிப்பு மட்டும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா ராயாதான் எனக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்காக மச்சான் தன் கதையை எழுதுகிறார் என்று பதிப்பகம் அறிவித்திருந்தது. மச்சானுக்கு விமானம் ஓட்ட வரும், எழுத வராது. அவர் எழுதுவதை நான் எழுத வேண்டும்.

"டேய் கிர்யா, இதுல ஒரு ஜோக் இருந்துது, உன்ன நானே கொன்னுடுவேன்," என்றாள் ராயா.

"ஒரு ஜோக்கும் இருக்காதுக்கா. உள்ளத உள்ளபடி எழுதறேன்."

"அதத்தான்டா சொல்றேன்."

முதல் ஆறு அத்தியாயங்கள் சுலபமாகப் போயின. ஏழை ஓடக்காரரின் மகன், போர், விமானப் பள்ளி, இரகசியத் தேர்வு. ஏழாவது அத்தியாயம் அந்த முப்பத்து மூன்று மணி நேரம். அதற்காக என்னிடம் பறப்பின்போது நடந்த வானொலிப் பேச்சின் பதிவைக் கொடுத்தார்கள். விண்கப்பல் எங்கள் நிலத்தின் மேல் வரும்போதெல்லாம் கீழேயிருந்து ஒரே கேள்வி: "அமூர், உடல்நிலை?" அமூர் என்பது மச்சானின் அழைப்புப் பெயர். மேலேயிருந்து ஒரே பதில்: "உடல்நிலை பிரமாதம்." இருபத்திரண்டு சுற்றும் பிரமாதம். ஒரு சுற்றில்கூட 'நன்று' என்று இல்லை, 'பரவாயில்லை' என்று இல்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும். பள்ளி அணிவகுப்பில், பட்டாளத்தில், ஆலையில், பல்லைப் பிடுங்கிய பிறகு பல் மருத்துவரிடம், எங்கும் பிரமாதம்தான். வேறு பதில் சொன்னால் கேட்டவருக்கு வேலை வைத்த மாதிரி ஆகிவிடும்.

பிறகு குழந்தைப் பருவ அத்தியாயத்துக்கு வண்ணம் சேர்க்க மச்சானின் சொந்த ஊருக்குப் போனேன். ஆற்றங்கரைச் சிறு நகரம். அங்கே அவர் பெயரில் ஒரே அறையில் ஒரு அருங்காட்சியகம். லுகேரியா என்ற அம்மாள் அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது டியூபுகள் வரிசையாகப் படுத்திருந்தன. கல்லீரல் பேஸ்ட், இறைச்சிக் கூழ், கருந்திராட்சை ஜாம். கீழே அட்டை: 'நமது வீரர் விண்வெளியில் உண்ட உணவு.'

நான் விடுதியில் வாழ்பவன். ஒரே அறையில் நான்கு பேர், ஒரே பற்பசை. முடிந்த டியூப் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கழுத்துவரை சுருட்டி, கத்தியால் வழித்து, கடைசியில் கிழித்தும் பார்ப்போம். இந்த ஒன்பது டியூபுகளும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தன. மூன்று வருஷமாக நாளுக்கு நாற்பது பேர் வந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அட்டையைப் படித்தார்கள்.

மச்சானிடம் குளியலறையில் கேட்டேன். சனிக்கிழமை மதியம், விண்வெளி வீரர்கள் வசிக்கும் பயிற்சி நகரத்தின் நீராவிக் குளியலறை. எங்கள் வழக்கப்படி மேல் பலகையில் நீட்டிப் படுத்துக்கொண்டு பிர்ச் இலைக் கட்டால் முதுகில் அடிக்கச் சொல்வார்கள். மச்சான் படுக்கமாட்டார். கீழ்ப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னந்தலையைச் சுவரில் அழுத்தி வைத்திருப்பார். மூன்று வருஷமாக அப்படித்தான் உட்கார்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் தொங்கிக்கொண்டிருந்த விளக்கைக் கழற்றிவிட்டுச் சுவரில் விளக்கு மாட்டியதும் இவர்தான்.

"மச்சான், ஒரு கேள்வி. புத்தகத்துக்கு."

"கேளு மாப்ள."

"அந்தக் கல்லீரல் பேஸ்ட் ருசி எப்படி?"

"பிரமாதம்."

"உங்க ஊர் மியூசியம் போயிருந்தேன். ஒன்பது டியூபும் நெறமாச கர்ப்பிணி மாதிரி படுத்துக் கெடக்கு."

அவர் அடுப்புக் கற்களின்மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார். ஆவி சீறியது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல. மொதல்ல எனக்கே சொல்லுங்க."

"மேல போன பத்தாவது நிமிஷம்," என்றார். "என்னைத் தலகீழாத் தொங்க விட்ட மாதிரி இருந்துது. பூமி தலைக்கு மேல. கண்ண மூடினாலும் மேலதான். வயித்துலேர்ந்து எல்லாம் தொண்டைக்கு வந்துருச்சு. சரியா அப்பத்தான் கேக்கறான், அமூர், உடல்நிலை? நான் வாயத் தொறந்தேன். ரெண்டு வர வேண்டியது, எது மொதல்ல வரும்னு எனக்கே தெரியல. பிரமாதம்தான் மொதல்ல வந்துது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொண்ணு வந்துது. மொத்தம் ஆறு தடவ. ஆறாவது தடவ ஒண்ணும் இல்ல, சும்மா மரியாதைக்கு."

"அடுத்த சுத்துல சொல்லியிருக்கலாமே?"

"மொத சுத்துல பிரமாதம்னவன் ரெண்டாவதுல எப்படிடா மாத்துவான்? ஏன் மொதல்ல சொல்லலன்னு கேப்பான்ல."

நானும் இதே நாட்டில்தான் வளர்ந்தேன்.

"எடுத்த வாந்திய என்ன பண்ணீங்க?"

"பைல புடிச்சு உடைக்குள்ள வெச்சிருந்தேன். பாராசூட்ல எறங்கினது ஒரு பீட்ரூட் வயல். தேட வர்றவங்க வர்றதுக்குள்ள கையால தோண்டிப் பொதச்சிட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரியா அந்த எடத்துலதான் நெனவுத்தூண் கட்டியிருக்கானுங்க. வருஷா வருஷம் போயி மலர் வளையம் வெக்கறேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"டியூப எடபோட ஒருத்தன் இருந்தான்," என்றார். "அவன் தராசத் தொடறதுக்கு முன்ன அறிக்கை வந்துருச்சு. அறிக்கையில சாப்பிட்டேன்னு இருந்துது. அவன் எட போடல. டாக்டரம்மா அக்னியா பாவ்லவ்னா என் அறிக்கைய வெச்சு பெரிய ஆராய்ச்சி எழுதி, பட்டம் வாங்கிட்டாங்க. என் வயித்து மேல ஒரு பட்டமே நிக்குது மாப்ள."

"நிக்கட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

"கேஷாவுக்கு."

கேஷா லோபனோவ், இருபத்தாறு வயது, மூன்று வாரத்தில் பறக்க வேண்டியவன். இரண்டாவது சுற்றிலேயே பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கப்பலைத் தன் கையால் திருப்ப வேண்டும் என்பது திட்டம். இதுவரை யாரும் செய்யாதது. பறந்த மற்றவர்கள் ஒன்றிரண்டு சுற்றிலேயே இறங்கிவிட்டார்கள். நாள் கணக்கில் இருந்தவர் மச்சான் ஒருவர்தான். அதனால் அமூருக்கு முதல் நிமிஷத்திலிருந்தே ஒன்றும் ஆகவில்லை என்ற அறிக்கையை வைத்துத்தான் அந்தத் திட்டம் போட்டார்கள். மச்சானுக்கு அன்று கைப்பிடியைத் தொடும் வேலையே இல்லை. எல்லாவற்றையும் தானியங்கி பார்த்துக்கொண்டது.

"நான் தொட்டிருந்தா மேல எது, கீழ எதுன்னு தெரியாம எதிர்ப்பக்கம்தான் திருப்பியிருப்பேன்," என்றார். "திருப்பறது வாயுவால. அது கொஞ்சந்தான் இருக்கு. தப்புத்தப்பா திருப்பித் தீத்துட்டான்னா எறங்கறதுக்குக் கப்பல நேராக்க முடியாது. அங்கயே சுத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அப்ப சொல்லிடுங்க."

"சொன்னா நான் காலி. கேஷாவுக்கு மாற்று வீரன் நான், அவனுக்கு ஒடம்பு சரியில்லன்னா நான்தான் போகணும். அவன் வந்ததும் அடுத்த பறப்பு என்னுது. எட்டு நாள். மூணு வருஷமா அதுக்குத்தான்டா ரிப்பன் வெட்டறேன்."

"மறுபடி போனா மறுபடி வாந்திதானே வரும்?"

"வரட்டும்," என்றார். "பழகிக்கலாம்."

அந்த யோசனையைச் சொன்னது நான்தான். வாயால் சொல்லத்தானே வரவில்லை, புத்தகத்தில் எழுதிவிடுவோம் என்றேன். கையெழுத்துப் பிரதியை முதலில் படிப்பவர் பதிப்பகத்தின் தணிக்கையாளர் தோழர் முகின். முகின் காதுக்கு ஒன்று போனால் அது மேலிடத்துக்குப் போய்விடும் என்று மாஸ்கோவில் எல்லோருக்கும் தெரியும். மின்தூக்கியில் நீ என்ன பாட்டைச் சீட்டியடித்தாய் என்பதைக்கூட அவர் எழுதிப் போட்டிருக்கிறார். இதையும் போடுவார். மேலிடம் பதறி மச்சானைக் கூப்பிட்டுக் கேட்கும். கேட்டால் அவர் 'ஆமாம்' என்று மட்டும் சொன்னால் போதும்.

மச்சான் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஏழாவது அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு ஜோக்கும் இல்லை. ராயாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு மூணு வருஷமாத் தெரியும்டா," என்றாள். "தூக்கத்துல கட்டில் கம்பியப் புடிச்சுக்கறார். அனுப்பு."

பத்து நாள் கழித்து முகின் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரொம்ப நல்லா எழுதியிருக்கே. சின்னச் சின்னத் திருத்தந்தான்." நீலப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். 'ஆறு முறை வாந்தி எடுத்தேன்' என்று நான் எழுதிய இடத்தில் 'ஆறு முறை உணவு எடுத்தேன்' என்று இருந்தது. "ஒரே ஒரு சொல்லத்தான் மாத்தினேன். உன் நடைய நான் தொடவே இல்ல."

"தோழர் முகின், இத நீங்க மேல சொல்ல வேண்டாமா?"

"எத?"

"நீங்க மாத்தின விஷயத்த."

"நான் என்ன மாத்தினேன்?"

"வாந்திய."

"எந்த வாந்தி?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இத மேல கொண்டு போனா மொதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? இது எப்படி உன் மேஜைக்கு வந்துதுன்னு கேப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு." பழைய பக்கத்தை உருவி, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்கால் அடியில் செருகினார். மேஜை ஆட்டம் நின்றது.

முகின் தன் வாழ்நாளில் மேலிடத்துக்குச் சொல்லாத ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதில் போய் நாங்கள் ஒரு உயிரைக் கட்டி வைத்தோம். பறப்புக்கு ஐந்து நாள் இருந்தது.

இறுதி அத்தியாயம் எழுதுவதற்காக என்று சொல்லி ஏவுதளத்துக்கு எனக்கும் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார்கள். பறப்புக்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டு மேஜையில் மச்சானும் கேஷாவும் நானும் மட்டும் இருந்தோம். கேஷா பீட்ரூட் சூப்பை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தான். மச்சான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். தலைகீழ், ஆறு தடவை, பை, வயல்.

கேஷா கடைசிவரை கேட்டான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, போன தடவ மாற்று வீரனா இருந்தவன் என்ன பண்ணான் தெரியுமா? போறவனோட டீயில உப்பப் போட்டான். வயித்தக் கலக்கினா சீட்டு நமக்குன்னு. நீங்க அதவிடப் பெரிய ஆளு. வெறும் வாயாலயே கலக்கறீங்க!"

"கேஷா, நான் வெளையாடல."

"நானும் வெளையாடல. சுழல் நாற்காலியில கால் மணி நேரம் சுத்திட்டு எறங்கி ஆடிக் காட்டினவன் நான். அந்த ரொட்டிய இப்படித் தள்ளுங்க."

சூப்பு முடிந்ததும் எழுந்து வந்து மச்சானின் தோளைக் கட்டிக்கொண்டான். "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. அடுத்து உங்க முறைதானே. நான் வேணா உங்களுக்கு உப்புப் போடறேன்."

மச்சான் நேரே டாக்டரம்மாவின் வீட்டுக்கு நடந்தார். பாப்லார் மரவரிசைக்கு அந்தப் பக்கம். நான் பின்னாலேயே போனேன். அக்னியா பாவ்லவ்னா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நாளைய படிவங்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். கண்டிப்பான பெண்மணி, ஆனால் மச்சானைப் பார்த்தால் மட்டும் முகம் மலரும். தன் வாழ்க்கையின் சிறந்த வேலை எதிரே நடந்து வந்தால் யாருக்கும் மலரத்தான் செய்யும்.

"வாங்க ஸகார்! உடல்நிலை எப்படி?"

மச்சான் வாயைத் திறந்தார். நான் நகத்தைக் கடித்தேன்.

"பிரமாதம்," என்றார்.

சொன்ன உடனே அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. யாரோ பின்னாலிருந்து அவர் வாயால் பேசிவிட்டுப் போன மாதிரி நின்றார். டாக்டரம்மா "அதானே!" என்று சொல்லிவிட்டு, மாற்று வீரரின் படிவத்தில் அந்தச் சொல்லையே எழுதிக்கொண்டாள். நாங்கள் திரும்பி நடந்தோம்.

"நான் போயி சொல்லட்டுமா மச்சான்?"

"நீயா? சுவர்ப்பத்திரிகைக்காரன் சொன்னான்னு பறப்ப நிறுத்துவாங்களா?" என்றார். அதுவும் சரிதான். இருந்தாலும் நான் முயன்று பார்த்திருக்கலாம். படிப்பு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த நூல்தான் அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. எங்கள் வழக்கப்படி, வெளியூர் கிளம்பும் முன் எல்லோரும் ஒரு நிமிஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். எங்களில் யார் மறந்தாலும் பாட்டாளி முதல் ஜெனரல் வரை யாராவது ஞாபகப்படுத்திவிடுவார்கள். விண்வெளியும் வெளியூர்தான். கேஷா ஆரஞ்சு உடையோடு உட்கார்ந்தான். எதிரே அதே ஆரஞ்சு உடையில் மச்சான். சுற்றிலும் ஜெனரல், டாக்டரம்மா, எந்திரக்காரர்கள். சொல்வதானால் எல்லோரும் ஒரே அறையில் கூடியிருந்த நேரம் அதுதான். ஆனால் அது பேசக் கூடாத நிமிஷம். ஜெனரல் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

ராக்கெட் ஒழுங்காகப் போயிற்று. மச்சான் ஆரஞ்சு உடையைக் கழற்றிவிட்டுத் தொடர்பு அறையில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். மேலே இருப்பவனோடு பேசுவது மாற்று வீரரின் வேலை. பின்வரிசையில் ஜெனரலும் டாக்டரம்மாவும் இருந்தார்கள். கதவோரம் ஒரு முக்காலியில் குறிப்பேட்டோடு நான்.

முதல் சுற்று முடிந்து கப்பல் எங்கள் தலைக்கு மேல் வந்தது. கேஷாவின் அழைப்புப் பெயர் ஸயான்.

"ஸயான், நான் அமூர். உடல்நிலை?"

ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு சிறு இடைவெளி. "உடல்நிலை பிரமாதம்!"

அறையே கை தட்டியது. மச்சான் தட்டவில்லை. அந்த இடைவெளியில் எச்சில் விழுங்கும் ஓசை ஒன்று இருந்தது என்று பிறகு சொன்னார். எனக்கு அது கேட்டதாக ஞாபகம் இல்லை. இந்த நாட்டில் அதைக் கேட்கத் தெரிந்த ஒரே காது மச்சானுடையது. அவர் பின்னந்தலையைச் சுவரில் சாய்க்கப் பார்த்தார். பின்னால் சுவர் இல்லை.

கப்பல் மறைந்து, அடுத்து வர ஒன்றரை மணி நேரம். சிற்றுண்டி வந்தது. அவர் தொடவில்லை. கப்பல் மறுபடி வந்தபோது கேஷா ஏற்கெனவே பெல்ட்டைக் கழற்றிக் கைப்பிடியைப் பிடித்திருந்தான்.

"ஸயான், உடல்நிலை?"

"பிரமாதம். திருப்ப ஆரம்பிச்சிட்டேன். அடிவானம் இன்னும் ஜன்னலுக்கு வரல. திரும்பத் திருப்பறேன்."

"வாயு எவ்வளவு இருக்கு?"

"நூத்துக்கு அறுவது." சில நொடிகள். "அம்பத்தி ரெண்டு."

எந்திரக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். பக்கத்து மேஜைக்காரர் தன் தாளைப் பார்த்தார். அதில் திட்டப்படி எண்பத்தைந்து என்று இருந்திருக்க வேண்டும். நாற்பதுக்குக் கீழே போனால் தானியங்கிக்கு இறங்கப் போதாது.

"நாப்பத்தொம்பது. உடல்நிலை பிரமாதம்."

"கேஷா," என்றார் மச்சான். அழைப்புப் பெயரை விட்டுவிட்டார். ஜெனரலின் தலை நிமிர்ந்தது. "கேஷா, அந்தக் கைப்பிடிக் குச்சிய விடு. பூமி உன் தலைக்கு மேல தெரியுதா?"

"உடல்நிலை..."

"டேய், அந்த எழவ விடுடா! எனக்கும் மேலதான் தெரிஞ்சுது. இருபத்திரண்டு சுத்தும் மேலதான் தெரிஞ்சுது. நான் பொய் சொன்னேன். இங்க டாக்டரம்மா இருக்காங்க, ஜெனரல் இருக்கார், எல்லாருக்கும் கேக்கத்தான் சொல்றேன். ஆறு தடவ வாந்தி எடுத்தேன். ஒரு வாய் சாப்பிடல. அறிக்கையில இருக்கறது அத்தனையும் பொய். நேத்திக்கு உன் சீட்டுக்காகச் சொல்லலடா. இப்ப நீ மேல இருக்கே, சீட்டுல நீதான் இருக்கே. இப்ப நான் ஏன்டா பொய் சொல்லணும்?"

ஒலிபெருக்கியில் கரகரப்பு மட்டும். கப்பல் எங்கள் எல்லையைத் தாண்ட மூன்று நிமிஷம் இருந்தது. ஜெனரலின் கை ஒலிவாங்கியின் இணைப்பை நோக்கிப் பாதி வழி நீண்டு, அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணே," என்றான் கேஷா. இப்போது அது சின்னப் பையனின் குரலாக இருந்தது. "எனக்கும் மேலதான் இருக்கு."

"எத்தன தடவ?"

"மூணு."

"கொஞ்சந்தான். குச்சிய விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"பெல்ட்டப் போடு. இறுக்கு. பின்னந்தலைய மெத்தையில அழுத்து. ஜன்னலப் பாக்காதே. எதிர்ப்பலகையில இடது ஓரத்துல ஒரு திருகாணி இருக்கும், என் கப்பல்லயும் அதே எடத்துல இருந்துது. அதையே பாரு. முப்பத்து மூணு மணி நேரம் அதத்தான் நான் பாத்தேன். வேற எதையும் தொடாதே. தானியங்கி உன்னக் கொண்டு வந்துரும். வாயு எவ்வளவு?"

"நாப்பத்தி மூணு."

"போதும். திருகாணி தெரியுதா?"

"தெரியுது."

"அதான் கீழ. அது இருக்கற பக்கந்தான் கீழன்னு நெனச்சுக்க."

குரல் மங்கி ஓசை நின்றது. டாக்டரம்மா எழுந்து வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"பதினோரு பேரை உங்க அறிக்கைய வெச்சுத் தேர்ந்தெடுத்தேன் ஸகார்," என்றாள். "மொத சுத்துலேர்ந்து சொல்லுங்க. ஒண்ணும் விடாம."

கேஷா மறுசுற்றில் இறங்கினான். கோதுமை வயலில் விழுந்து, தேடிப் போனவர்களின் பூட்சுமேல் நான்காவது தடவை வாந்தி எடுத்தானாம். செய்தித்தாள்கள் மறுநாள் எழுதின: திட்டம் முழுமையாக நிறைவேறியது, வீரரின் உடல்நிலை பிரமாதம்.

மச்சானை யாரும் திட்டவில்லை. ஒரு மாதம் கழித்து மருத்துவக் குழு கூப்பிட்டது. இரண்டு வரித் தீர்மானம். முதல் வரி: உடல்நிலை பிரமாதம். இரண்டாவது வரி: பறக்கத் தகுதியில்லை, நிரந்தரமாக. அதோடு ஒரு தாளும் நீட்டினார்கள். தொடர்பு அறையில் அன்று பேசப்பட்டது அரசு இரகசியம். அமூரின் பறப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அச்சான புத்தகத்தில் உள்ளபடியே பதில் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டார். அன்றுவரை அவர் தானாகச் சொன்ன பொய், அன்று முதல் உத்தியோகமாகிவிட்டது. அறையில் இருந்த எல்லோரோடும் நானும் கையெழுத்துப் போட்டேன். ஆகவே இதை நீங்கள் படிக்கவில்லை.

புத்தகம் வந்தது. ஒரு லட்சம் பிரதி. ஏழாவது அத்தியாயத்தில் ஆறு முறை உணவு எடுக்கிறார். சொந்த ஊர்ப் பள்ளியில் வெளியீடு. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "அங்க எப்படி இருந்துது மாமா?" என்று கேட்டாள். மச்சான் மேடையில் நின்றுகொண்டு என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு தாளில் போட்ட கையெழுத்துப்படி பதில் சொன்னார். கைத்தட்டல்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் அருங்காட்சியகத்துக்குப் போனோம். லுகேரியா அக்கா பதறி வரவேற்று, சமோவாரில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். ஒன்பது டியூபுகளும் கழுத்துவரை ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"மாஸ்கோவுலேர்ந்து கடுதாசி வந்துது," என்றாள் அக்கா. "பொருள அட்டைக்குப் பொருத்தமா வெக்கணும்னு. பேஸ்டெல்லாம் பூனைக்குப் போட்டேன். ஜாம கீழ கொட்ட மனசு வரல கர்னல். விண்வெளிக்குப் போயிட்டு வந்த ஜாமாச்சே."

ஒரு சின்னத் தட்டில் கருந்திராட்சை ஜாமை வழித்து மச்சான் முன்னால் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னந்தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு, கரண்டி நுனியால் தொட்டு வாயில் வைத்தார்.

"எப்படி இருக்கு கர்னல்?"

நான் என் டீக்கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன்.

"கெட்டுப் போச்சுக்கா," என்றார். "புளிச்சுப் போச்சு."

"அய்யோ, அப்ப வெச்சிடுங்க!"

"இல்ல, இருக்கட்டும்," என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரயில் வரும்வரை, அவசரப்படாமல், ஒரு பொட்டு மிச்சமில்லாமல் வழித்துத் தின்றார்.